கண்ணாடித் தொட்டிக்குள் புழுக்கம்: கடலோர வீடுகளுக்கான பழுதுபார்ப்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஓர் அறையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பால் பைத்தான். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. இன்னொன்றில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்த பல்லி இனமான பியர்டட் டிராகன். என் அம்மாவுக்கு அது இன்றுவரை 'அந்த ஓணான்'தான். ஒன்றுக்கு ஈரம் வேண்டும், மற்றதற்கு ஈரமே ஆகாது. இரண்டும் ஒரே அறையில், கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர் ஊர்க்காரர்கள் எழுதியவை. தொட்டியின் மேல் வலையை மூடு, தினமும் தண்ணீர் தெளி, பெரிய பல்பு போடு என்பார்கள். அறைக்குள் 18 டிகிரி இருக்கும் ஊருக்கு அது சரி. இங்கே அதையே செய்தால் தொட்டி இட்லிக் கொப்பரையாகிவிடும். நான் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நம் ஊரில் தொட்டிக்குள் வரும் கோளாறில் பாதிக்கு மேல் அறைக் காற்றின் கோளாறு. அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கும் கருவி எல்லாம் வீண் செலவு.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை, உடும்பு, நம் காட்டு மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போல சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். நான் தொடக்கத்தில் வாங்கிய முள் வைத்த ஈரப்பதமானி மழை நாளிலும் 60 காட்டியது, கத்திரி வெயிலிலும் 60 காட்டியது. அதை நம்பி ஒரு வருடம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது மேசை மேல் அழகுக்கு நிற்கிறது.

டிஜிட்டல் மானியையும் சோதித்துவிட்டு நம்புங்கள். தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் முக்கால் அளவு உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, நனைந்த மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்து ஓடக் கூடாது. மேலே தண்ணீர் நிற்கவும் கூடாது. மூடியையும் மானியையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒன்றாக வைத்து, காற்றோடு மூடி, ஏசி இல்லாத இடத்தில் இரவு முழுவதும் விடுங்கள். காலையில் பையைத் திறக்காமலே படியுங்கள். 75 காட்ட வேண்டும். உப்பு தன் மேலே நிற்கும் காற்றை அந்த அளவில் பிடித்து வைக்கும். என்னுடையது 83 காட்டியது. அதன் முதுகில் 'எட்டைக் கழி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதற்குப் பாக்கெட் தூள் உப்புதான் சரி. மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு குழம்புக்கு உத்தமம். ஆனால் அதில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருக்கும், எண்ணைக் கீழே இழுக்கும்.

துப்பாக்கி வடிவ வெப்பமானியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே குறிபார்த்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். அந்தக் கதிர் கண்ணாடிக்குள் நுழையாது. கதவைத் திறந்துதான் அளக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தின் மேலும் அதை நம்பாதீர்கள்.

இலக்கு எண்கள்: பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். பியர்டட் டிராகன் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42, குளிர்ந்த பக்கம் 24 முதல் 28, ஈரப்பதம் 30 முதல் 40.

ஒரே தொட்டியில் ஒரு மூலை 43, இன்னொரு மூலை 84

இரண்டு மானி வைத்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதைப் பார்த்துப் பதறுவார்கள். இரண்டுமே சரியான எண்கள். சதவீதம் என்பது காற்றில் இருக்கும் ஈரத்தின் அளவு அன்று. அந்தச் சூட்டில் காற்று அதிகபட்சம் வைத்துக்கொள்ளக்கூடியதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான் அது. சூடு ஏறினால் கொள்ளளவு பெருகும். ஈரம் அதேதான், சதவீதம் மட்டும் இறங்கும்.

நன்னாரி சர்பத் தம்ளர் வெளியே வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். காற்றை எந்தச் சூட்டுக்குக் குளிரவைத்தால் ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. நம் கடற்கரையில் கோடையிலும் மழைக்காலத் தொடக்கத்திலும் பனிநிலை பெரும்பாலும் 24, 25 டிகிரியில் நிற்கும். பனிநிலை 25 என்று வையுங்கள். அந்தக் காற்று 28 டிகிரியில் 84 சதவீதம் காட்டும். 32 டிகிரியில் 67. 35 டிகிரியில் 56. 40 டிகிரியில் 43. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவோ எடுக்கவோ இல்லை.

இப்போது மேலே சொன்ன இலக்குகளைப் பாருங்கள். பாம்புக்கு வேண்டிய ஈரம் சன்னலைத் திறந்தாலே கிடைக்கிறது, குளிர்ந்த மூலையில் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. தெளிப்பானுக்கு இங்கே வேலையே இல்லை. ஓணானின் பல்புக்கு அடியில் காற்று ஏறக்குறைய இலக்கைத் தொடுகிறது. மறுமூலையில் இரண்டு மடங்கு. ஆகையால் 'ஈரப்பதம் எவ்வளவு' என்று யாராவது கேட்டால், 'எந்த மூலையில், எத்தனை டிகிரியில்' என்று திருப்பிக் கேளுங்கள்.

கண்ணாடி வியர்க்கிறது

விரலால் தொட்டுப் பாருங்கள்: நீர் உள்பக்கமா, வெளிப்பக்கமா? உள்பக்கம் என்றால் தொட்டிக்குள் இருக்கும் காற்றின் பனிநிலையைவிடக் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. ஏசி ஓடும் அறையில் ஈரமான தொட்டி வைத்தால் இதுதான் நடக்கும். காலையில் கொஞ்சம் வியர்த்துப் பத்து மணிக்குள் காய்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் நின்றால் அடியில் போட்ட மண் நனைந்திருக்கிறது, அல்லது காற்று உள்ளே தேங்குகிறது.

வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்று வியர்க்கிறது. ஏசியை அணைத்துச் சன்னலைத் திறந்த அரை மணி நேரத்தில் வரும். துடைத்துவிட்டுப் போகலாம், ஆனால் பின்பக்கம் பிளக் பாயின்ட் இருந்தால் அதைப் பாருங்கள். வயர் எல்லாவற்றையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

பகலில் சரியாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்குச் சூடு ஏறுகிறது

சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லாதீர்கள். கூரையைப் பாருங்கள். கான்கிரீட் தளம் பகல் வெயிலைக் குடித்துவிட்டு, சூரியன் இறங்கிய பிறகுதான் கீழே விடும். என் அறையில் மே மாதத்தில் இரவு எட்டிலிருந்து பத்து வரைதான் உச்சம். அலமாரியின் மேல் தட்டில் வைத்திருந்த தொட்டியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். அதிலேயே இரண்டு டிகிரி குறைந்தது. அடுத்து மொட்டை மாடியில் சுண்ணாம்பு வெள்ளை அடித்தோம். ஒயிட் டவுனில் உயரமான கூரையும் மெட்ராஸ் தளமும் உள்ள பழைய வீடுகளில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பொறாமையோடுதான் சொல்கிறேன்.

சன்னலோரம் வைத்திருந்தால் இன்றே நகர்த்துங்கள். நேர் வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் விழுந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போய்விடும். 'சூரிய ஒளி வேண்டுமே' என்று வைப்பவர்களுக்கு: ஓணானுக்குத் தேவையான புற ஊதா பி கதிரைச் சன்னல் கண்ணாடியே தடுத்துவிடுகிறது. சூடு மட்டும் வரும், பயன் வராது.

பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது

மூன்று காரணங்களில் ஒன்று. சூடான பக்கத் தரையை அளங்கள். 35 தாண்டியிருந்தால் காரணம் அதுதான். சூடு சரி என்றால் கிண்ணத்துத் தண்ணீரை வெள்ளைத் தாளில் ஊற்றிப் பாருங்கள். மிளகுத் தூள்போலக் கரும்புள்ளிகள் நகர்ந்தால் உண்ணி; மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டும் இல்லாமல் கண் பால் நிறமாக மங்கியிருந்தால், சட்டை உரிக்கத் தயாராகிறது. விடுங்கள்.

முதல் காரணத்துக்கு என் வீட்டுக் கதை. தொட்டிக்கு அடியில் சூட்டுப் பாய், தெர்மோஸ்டாட்டின் சூடு அளக்கும் உணர்முனை உள்ளே தரையில். பாம்பு இரவில் புரண்டு அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டது. உணர்முனை தண்ணீரின் 27 டிகிரியைப் படிக்கிறது. தெர்மோஸ்டாட் 'இன்னும் சூடு போதவில்லை' என்று பாயை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. காலையில் பாயின் மேல் கண்ணாடி 46 டிகிரி. பாம்பு கிண்ணத்தில் மூழ்கி, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தது. அதற்கு இருந்த அறிவு அன்று எனக்கு இல்லை. இப்போது உணர்முனையைக் கண்ணாடிக்கு அடியில், பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறேன்; பாம்பு எட்டாது. அடியில் ஒட்டினால் உள்ளே மேற்பரப்பு ஒன்றிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். அளந்து அமைப்பைத் திருத்த வேண்டும். பாய்க்கு மேல் மண்ணை அரை அங்குலத்துக்கு மேல் கொட்டாதீர்கள். சூடு மேலே வர வழியில்லாமல் கண்ணாடியிலேயே தேங்கி, விரிசல் விடும். தெர்மோஸ்டாட் இல்லாமல் சூட்டுப் பாய் போடுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் மரியாதையான சொல் இல்லை.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது

நல்ல சட்டை உறைபோல ஒரே நீளத்தில், கண்ணை மூடியிருக்கும் தெளிந்த தோல் மூடிகளோடு கழன்று வரும். கிழிந்து கிழிந்து வந்தால் வறட்சி. கடலோரத்தில் வறட்சியா என்று நானும் சிரித்தேன். பிறகுதான் ஏசி நினைவுக்கு வந்தது. ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதன் ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிடுகிறது. 24 டிகிரியில் 50 சதவீதம் என்று அறை நமக்குச் சுகமாக இருக்கும். அதே காற்று தொட்டிக்குள் 32 டிகிரிக்குப் போனால் 31 சதவீதம்தான். எங்கள் வீட்டில் இரவெல்லாம் ஏசி ஓடும் மே மாதத்தில்தான் சட்டை கெடுகிறது, மழை மாதங்களில் ஒருபோதும் இல்லை.

இந்த ஓர் இடத்தில் மட்டும் குளிர் ஊர்க்காரர்களின் யோசனை நமக்குப் பொருந்தும். மேல் வலையில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். விளக்கு இருக்கும் பகுதியை மட்டும் மூடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கம் நகர்த்துங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பாசியை (மாஸ்) உள்ளே வையுங்கள். தொட்டி முழுவதையும் நனைப்பதைவிட இந்த ஒரு டப்பா மேல்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டைக்கு: 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டுக்குள் பாம்பை அரை மணி நேரம் ஊர்ந்து போகவிடுங்கள், பக்கத்திலேயே இருந்து. பெரும்பாலும் துண்டோடு வந்துவிடும். கண் மேல் மூடி ஒட்டியிருந்தால் நகத்தாலோ இடுக்கியாலோ தொடாதீர்கள். அடுத்த உரிப்பில் தானே வரும். வராவிட்டால் மருத்துவர் எடுப்பார்.

ஈரப்பதம் 80க்குக் கீழே இறங்க மறுக்கிறது

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஓணான் வைத்திருப்பவர்களின் புலம்பல் இது. முதலில் உள்ளே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: அகலமான தண்ணீர்க் கிண்ணம், கழுவிய கீரையைச் சொட்டச் சொட்ட வைப்பது, தென்னை நார்க் கழிவுத் தரை. நார்க் கழிவு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பாம்புக்குப் பயன்படுத்துவதானால்கூட இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே, உப்பு இருக்கும். ஓணானுக்குச் செய்தித்தாள் போதும். அழகு இல்லைதான்.

அடுத்து விசிறி. பழைய கணினியின் 12 வோல்ட் விசிறியை மேல் வலையின் மேல், காற்றை வெளியே இழுக்கும்படி வைத்தேன். உள்ளே ஊதும்படி வைத்தால் குளிர்ந்த மூலைக் காற்று ஓணான் முகத்தில் அடிக்கும். வெளியே இழுத்தால், முன்கதவுக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகக் காற்று தானாக நுழைந்து மேலேறிப் போகும். 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் ஓட்டினால் மெதுவாக, சத்தமில்லாமல் சுழலும். அது போதும்.

ஆனால் விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே கொண்டுவரும். அறையே 85 என்றால் விசிறியால் 85க்குக் கீழே போக முடியாது. அப்போது வழி இரண்டுதான்: ஏசியை 'டிரை' நிலையில் ஓட்டுவது, அல்லது பகல் முழுவதும் பல்பின் சூட்டால் சதவீதத்தை இறக்குவது. நவம்பரில் நான் எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டேன். பகலில் கல் 40 டிகிரியில் காய்ந்து, அடித்தாள் ஈரமில்லாமல் இருந்தால், இரவில் 80 காட்டினாலும் அவன் நன்றாகவே இருக்கிறான். ஈரமும் குளிரும் சேர்ந்து நாள்கணக்கில் நிற்பதுதான் நுரையீரலைக் கெடுக்கும்.

வாயைத் திறந்துகொண்டிருக்கிறது

ஓணான் கல் மேல் படுத்து வாயைத் திறந்தால் சூட்டை வெளியேற்றுகிறது, இயல்பு. குளிர்ந்த மூலைக்குப் போன பிறகும் திறந்தே இருந்தால் தொட்டி முழுவதும் சூடு. பாம்பு வாயைத் திறந்து, மூச்சில் சலசலப்போ மூக்கில் நுரையோ வந்தால் அது தொட்டிக் கோளாறு என்ற நிலையைத் தாண்டிவிட்டது. ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, எறும்புச் சாக்பீஸ் மூன்றும் இந்த அறைக்குள் வேண்டாம். எறும்பு வந்தால் தொட்டி மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி காலத்துச் சமையலறை அலமாரிபோல.

தெர்மோஸ்டாட்டில் விளக்கு எரிகிறது, சூடு வரவில்லை

உப்புக் காற்று. பல்பு போல மாட்டும் பீங்கான் ஹீட்டரைக் கழற்றி ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகு. பித்தளைத் தொடுமுனையில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் சில மாதம் ஓடும். ஆண்டுக்கு ஒரு ஹோல்டர் மாற்றுவது மேல். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு மேல் வலையே துருப்பிடித்து உதிர்ந்தது.

சூடு வருகிறது, ஆனால் மாலையில் போதவில்லை என்றால் மின்னழுத்தம். 230 வோல்ட் 195க்கு இறங்கினால் 100 வாட் ஹீட்டர் 72 வாட் மாதிரிதான் வேலை செய்யும். தெரு முழுவதும் ஏசி போடும் நேரத்தில் இது சகஜம். நம் ஊரில் அந்த நேரத்தில் சூடு குறைவது பெரும்பாலும் நல்லதுதான்.

மின்சாரம் போய்விட்டது

மழையா வெயிலா என்பதைப் பொறுத்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. தொட்டி 24 டிகிரிக்கு இறங்கியது. நான் செய்தது ஒன்றுதான்: இரண்டுக்கும் உணவு கொடுக்கவில்லை. சூடில்லாமல் செரிக்காது, வயிற்றில் அழுகும். வளர்ந்த பால் பைத்தான் சில நாள் அந்தச் சூட்டில் பசியோடு இருப்பதால் ஒன்றும் ஆகாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது கடலூர்ப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அத்தகைய நாள்களுக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் ஒரு மூலையில் வைத்தால் போதும்.

மே மாதத்து மின்வெட்டுதான் ஆபத்து. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓங்கி, கடல்காற்று பிற்பகல் வரை வராத நாளில் அறை 38ஐத் தொடும். அன்று காற்று காய்ந்திருப்பதால் வலை மேல் ஈரத்துணி போட்டால் வேலை செய்யும்: 38 டிகிரி, 40 சதவீதம் என்றால் ஈரத்துணி சுமார் 27 டிகிரி வரை குளிரும். கடல்காற்று வந்து 32 டிகிரி, 80 சதவீதம் ஆன பிறகு அதே துணி 29க்குக் கீழே போகாது. உள்ளே ஈரத்தை மட்டும் ஏற்றும். காற்று மாறியவுடன் துணியை எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு பனிக்கட்டிதான். ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்த பாட்டில் உருகி முடியும்போது உறிஞ்சும் சூடு, 25 வாட் பல்பு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எரிந்து தரும் சூட்டுக்குச் சமம். ஏப்ரல் மாதமே ஃப்ரீசரில் நான்கு பாட்டில் போட்டுவிடுகிறேன். நிரப்பும்போது நான்கு விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். துண்டில் சுற்றி, தொட்டிக்குள் இல்லாமல் வலையின் மேல் வைக்கிறேன். குளிர்ந்த காற்று கனம் என்பதால் தானே கீழே இறங்கும். அடியில் ஒரு தட்டு வையுங்கள். பாட்டில் வியர்த்து உள்ளே சொட்டும்.

அதற்குள் உயிரினம் துவண்டு கிடந்தால் ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு எடுத்துப் போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணி மேல் கிடத்தி, விசிறியால் மெல்ல வீசிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மே மாதத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கொதிக்கும். மண்பானைத் தண்ணீரை எடுங்கள்.